இன்டர்வல் ஓட்டத்துக்குத் துணை எது: காபியா, பீட்ரூட்டா, சோடா உப்பா?

அரை மாரத்தானை இன்னும் வேகமாக முடிக்க வேண்டும் என்று, வேக ஓட்டமும் மெதுவோட்டமும் மாறிமாறி வரும் இன்டர்வல் பயிற்சியில் இறங்குகிறவர்கள், சில வாரங்களிலேயே "கூடவே என்ன சாப்பிடலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். போட்டி நாளில் கைகொடுப்பது எது என்பது ஒரு கேள்வி. வாராவாரம் செய்யும் பயிற்சியின் பலனையே கூட்டுவது எது என்பது இன்னொரு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

முதலில் பயிற்சி தனியாக எவ்வளவு தரும் என்று பார்த்துவிடலாம். நார்வேயில் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், உச்ச இதயத்துடிப்பின் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிட ஓட்டம், பிறகு 3 நிமிட மெதுவோட்டம் என்று நான்கு சுற்று ஓடவைத்தார்கள். வாரம் 3 நாள், மொத்தம் 8 வாரம். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு சுமார் 7 சதவீதம் கூடியது. துணை உணவுக்கு இதற்குமேல் இருக்கும் வேலை, நான்காவது சுற்றிலும் வேகம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அந்த வேலைக்கு நான் முதலில் கைகாட்டுவது காபியை. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் போதும்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம், அதாவது நல்ல திக்கான காபி இரண்டு டம்ளர் அளவு. ஒரு மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும். களைப்பை உணர்த்தும் அடினோசினின் வழியைக் காஃபீன் அடைப்பதால், அதே வேகம் சற்று எளிதாகத் தோன்றும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004லேயே இதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் மாலையில் பயிற்சி செய்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டால் பயிற்சி உடம்பில் ஒட்டாது.

பீட்ரூட் கதை வேறு. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் 2009இல் வந்த ஆய்வில், ஆறு நாள் தினமும் அரை லிட்டர் சாறு குடித்தவர்கள் மிதமான வேகத்தில் சைக்கிள் மிதித்தபோது குறைவான ஆக்சிஜனே செலவானது. கடுமையான வேகத்தில் சோர்ந்து நிற்கும் வரையான நேரமும் 16 சதவீதம் நீண்டது. காரணம் அதிலுள்ள நைட்ரேட். அது ரத்தத்தில் கலந்து எச்சிலுக்கு வருகிறது. நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. ஆகவே கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். வேகவைத்து நீரை வடித்துவிட்டாலும் நைட்ரேட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். பச்சையாக அரைத்து, இரண்டரை மணி நேரம் முன்னால் குடிப்பது நல்லது. ஏற்கெனவே உச்சத் தகுதியில் இருக்கும் வீரர்களைவிடச் சாதாரண ஓட்டக்காரர்களுக்கே இது அதிகம் உதவுகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். தினப் பயிற்சிக்கு இது தேவையில்லை. போட்டிக்கு முந்தைய வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியோடு சேர்த்துப் பார்த்ததில் வியக்கவைப்பது சோடா உப்பு, அதாவது கடும் உழைப்பில் தசையில் சேரும் அமிலத்தைச் சமாளிக்க உதவும் சோடியம் பைகார்பனேட். 2006இல் வெளியான ஆய்வில் பெண்கள் 8 வாரம் சைக்கிளில் இன்டர்வல் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் சோடா உப்பு எடுத்தவர்களுக்கு லாக்டேட் வாசல் (ரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் உழைப்பின் அளவு) 26 சதவீதம் உயர்ந்தது, மற்றவர்களுக்கு 15. உச்ச ஆக்சிஜன் அளவில் மட்டும் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. இருந்தும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.3 கிராம், 60 கிலோ எடைக்கு 18 கிராம், கிட்டத்தட்ட நான்கு தேக்கரண்டி. அதிலுள்ள சோடியம் ஏறக்குறைய 5 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்போ 2 கிராம். அப்புறம் வயிறு: உப்புசம், குமட்டல், பேதி. வாரம் மூன்று நாள் இதைச் செய்துகொள்ள யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலத் துணைப்பொருளும் தசையின் அமிலத்தைச் சமாளிக்கிறது, ஆனால் பல வாரம் தினமும் 3 முதல் 6 கிராம் எடுக்க வேண்டும். தோலில் குறுகுறுப்பு வரும், ஆபத்தில்லை. சில நிமிடங்களில் முடியும் பந்தயங்களுக்கே பொருத்தம், அரை மாரத்தானுக்குப் பெரிதாக உதவாது.

பயிற்சிக் காலத்தில் தவிர்க்க வேண்டியது, பலரும் நல்லது என்று விழுங்கும் அதிக அளவு வைட்டமின் சி, ஈ மாத்திரைகள். நார்வேயில் 11 வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் தினமும் 1000 மில்லிகிராம் சி-யும் 235 மில்லிகிராம் ஈ-யும் எடுத்தவர்களின் தசையில், பயிற்சியால் வர வேண்டிய மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் உறுப்பு) மாற்றங்கள் மட்டுப்பட்டன. நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் பிரச்சினையில்லை.

சில வாரம் ஒழுங்காக ஓடியும் முன்னேற்றமே இல்லை, படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் இந்தப் பட்டியலையே ஒதுக்கிவிட்டு ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.