மேட்ச் போக்கர்: சீட்டைக் குறை சொல்ல முடியாத ஆட்டம்

காசு வைக்காத போக்கர் சப்பென்று இருக்கும் என்பவர்கள் மேட்ச் போக்கரை ஆடிப் பார்க்கலாம். 2009இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கிய சர்வதேசப் போக்கர் சம்மேளனத்தின் அணி ஆட்டம் இது; போன் செயலியிலும் வந்தது. அணியில் ஒவ்வொருவரும் வேறு வேறு மேசையில், வேறு வேறு இருக்கையில் உட்காருவார்கள். உதாரணத்துக்கு, எல்லா மேசையிலும் மூன்றாம் இருக்கைக்கு அதே சீட்டுகள்தான் வரும். அங்கே உட்கார்ந்த எனக்கு ஏழும் இரண்டும் என்ற படுமோசமான சீட்டுகள் வந்து தொலைத்தால், மற்ற மூன்றாம் இருக்கைக்காரர்களுக்கும் அதே கதி! அவர்களைவிடக் குறைவான சில்லுகளை (பந்தயம் வைக்கும் வட்டுகள்) இழந்தால் அணிக்குப் புள்ளி. சரியான நேரத்தில் சீட்டைக் கவிழ்த்து விலகுவதும் சம்பாத்தியம்தான்.

எனக்குப் பிடிக்காதது, ஒவ்வொரு கைக்கும் (சீட்டுப் போடும் ஒரு சுற்றுக்கும்) சில்லுகள் மறுபடி சமமாகிவிடுவது. எதிராளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிற சுகம் இங்கே கிடையாது. அப்புறம், கூட ஆட ஆள் சேராவிட்டால் பாதி ருசி போய்விடும்.