375 ரூபாய் பாலிசி எதுவரை துணை வரும்? பிரவாசி பாரதிய பீமா யோஜனா: ஒரு பயனாளியின் மதிப்பீடு

வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெரும்பாலானவர்களிடம் ஒரு காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது; அப்படி ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நானும் தெரியாமல் இருந்தவன்தான். 2018ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் தம்மாமுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் புறப்பட்ட இரவில், சென்னை விமான நிலைய வாசலில் ஏஜென்ட்டின் ஆள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றோடு நான்காக மடித்த ஒரு தாளும் அதில் இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "அது கவர்மென்ட் பேப்பர், பத்திரமா வச்சுக்கங்க" என்றார். ஆறு ஆண்டுகள் பத்திரமாகவே வைத்திருந்தேன். 2024இல் ஃபைனல் எக்ஸிட் (வேலையை முடித்து நிரந்தரமாகத் திரும்புவதற்கான அனுமதி) வாங்கிக்கொண்டு பரமக்குடிக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோதுதான் அதை முதன்முதலாக முழுவதும் படித்தேன். பாலிசி காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரிசுதாரர் என்ற இடத்தில், நான் விமானம் ஏறுவதற்கு முன்பே காலமாகிவிட்ட என் தந்தையின் பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து யாரோ நிரப்பியிருக்க வேண்டும்.

அந்தத் தாளின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இந்திய அரசு 2003ஆம் ஆண்டு கொண்டுவந்து, 2017இல் திருத்தியமைத்த கட்டாயக் காப்பீடு இது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக, வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பாஸ்போர்ட்டுடன் சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் இந்தப் பாலிசி இல்லாமல் அனுமதி பெற முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கான பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனமுற்று வேலையை இழந்தாலோ கிடைக்கும் தொகை 10 லட்சம் ரூபாய்.

விலையை வைத்துப் பார்த்தால் இதற்கு இணையான காப்பீடு சந்தையில் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. 375 ரூபாய் என்பது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 ரியால்; தம்மாமில் வெள்ளிக்கிழமை மதியம் ஓர் ஆள் சாப்பிடும் மந்திச் சோற்றுக்கே அந்தப் பணம் போய்விடும். முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும் என்ற விதியை இதன் மிகப் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன், ஏனென்றால் கஃபீலோடு, அதாவது விசா கொடுத்த முதலாளியோடு, ஏற்படும் பிணக்கில் தொழிலாளி முதலில் இழப்பது கம்பெனி கொடுத்த பாதுகாப்பைத்தான். விபத்தில் இறந்தார், ஊனமுற்றார் என்று இந்தியத் தூதரகம் கொடுக்கும் சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதும் நல்ல ஏற்பாடு. அரபியில் எழுதிய காவல்துறை அறிக்கையை மொழிபெயர்க்க ஆள் தேடி அலைய வேண்டிய நிலையில் குடும்பத்தை அது விட்டுவிடுவதில்லை. அங்கே போய் இறங்கியவரை முதலாளி வந்து அழைத்துக்கொள்ளாவிட்டாலோ, ஒப்பந்தத்தில் சொன்ன வேலை பாதகமான வகையில் மாற்றப்பட்டாலோ, தொழிலாளியின் குற்றம் எதுவும் இல்லாமல் ஒப்பந்தம் இடையில் முறிக்கப்பட்டாலோ, ஊர் திரும்புவதற்கு ஒருவழி விமானக் கட்டணமும் உண்டு. வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை தருகிறார்கள். மேசன் வேலை என்று கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டார்கள் என்று நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதைகளுக்கு இப்படி ஒரு பரிகாரம் ஏட்டில் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தி.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, 10 லட்சம் என்பது விபத்துக்கு மட்டும். தொழிலாளர்களைத் தங்கவைக்கும் கேம்ப் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அங்கே மரணம் எப்படி வருகிறது என்பதும் தெரியும். சாரத்திலிருந்து விழுந்தும் சாலையைக் கடக்கும்போது அடிபட்டும் சாகிறவர்கள் இருக்கிறார்கள்; இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்காமல் போவதும் அதே அளவு பழகிய செய்தி. மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த 10 லட்சம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. நோய்க்கான மருத்துவமனைச் செலவு 1 லட்சம் ரூபாய் வரை, அதிலும் ஒரு முறைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை.

இரண்டாவது குறையை என் தொழிலை வைத்தே சொல்ல முடியும். கம்பி கட்டுகிறவர் நாள் முழுவதும் இடுப்பை மடித்துக் குனிந்தே நிற்கிறார். இடது கை கட்டுக்கம்பியை நுழைக்க, வலது கைக் கொக்கி அதை முறுக்கும். ஒரு தளத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் மணி நேரங்களில் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. நான்காம் ஆண்டில் எனக்கு இடுப்புவலி தொடங்கியது, ஐந்தாம் ஆண்டில் வலது காலில் மரத்துப்போன உணர்வு வந்தது. இது விபத்து அல்ல, எந்த நாளில் நேர்ந்தது என்று காட்ட ஒரு தேதியும் இல்லை. ஊர் திரும்பி வருகிறவர்களில் என் வயதுக்காரர்கள் பலரும் கொண்டு வருவது இத்தகைய உடம்பைத்தான்: தேய்ந்த முதுகெலும்பு, சிறுநீரகக் கல், சர்க்கரை. திடீரென்று நேரும் சேதத்துக்காக வடிவமைக்கப்பட்ட பாலிசி, மெல்ல மெல்ல நேரும் சேதத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் இவை இரண்டையும்விட என்னைச் சிந்திக்கவைத்தது பாலிசியின் கால அமைப்பு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டவருக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பது விதி. அனுமதி தேவையில்லை என்றால் பாலிசியைக் கேட்கும் இடமும் இல்லை. அங்கிருந்தபடியே இணையம் வழியாகப் புதுப்பிக்கும் வசதி உண்டு என்றாலும், எனக்கு எந்த நினைவூட்டலும் வரவில்லை. ஏஜென்ட்டுக்கு அதில் அக்கறை இருக்கக் காரணமும் இல்லை. இதன் விளைவைக் கவனியுங்கள். இருபத்தைந்து வயதில், உடம்பில் தெம்பும் கண்ணில் கூர்மையும் இருக்கும்போது தொழிலாளி காப்பீட்டோடு இருக்கிறார். நாற்பது வயதுக்கு மேல், தளர்ந்து, இன்னும் இரண்டு வருடம் தள்ளிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது காப்பீடு இல்லாமல் இருக்கிறார். எங்கள் கேம்ப்பில் திருவாடானைப் பக்கத்து அண்ணன் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கியபோது, அவருடைய பாலிசி முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அறையில் இருந்த எட்டுப் பேரும் அன்று இரவு அவரவர் பெட்டியைத் திறந்து தாளைத் தேடினார்கள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் யாரும் தேடவில்லை. அது காப்பீடு என்றே யாருக்கும் தெரியாது. விசிட் விசாவில் போய் அங்கே வேலையில் சேர்கிறவர்களுக்கோ, அனுமதி வாங்கும் படியையே தாண்டிவிடுவதால், முதல் நாளிலிருந்தே இந்தப் பாலிசி இல்லை.

ஊர் திரும்பும் கட்டத்தில் இந்தப் பாலிசி செய்வது ஒன்றுதான்: குறிப்பிட்ட நிலைமைகளில் டிக்கெட் எடுத்துத் தருவது. விமானம் தரையிறங்கிய பிறகு அதற்கு வேலை இல்லை. திரும்பி வந்தவர் கையில் அப்போது இருப்பது, அந்த நாட்டுச் சட்டப்படி வரும் பணிக்கொடைதான். சவூதி தொழிலாளர் சட்டம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் தரச் சொல்கிறது. என் ஆறு ஆண்டுகளுக்கு மூன்றரை மாதச் சம்பளம் வர வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பத்து ஆண்டுகளுக்குள் தானாக வேலையை விட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒப்பந்தம் முடிந்து போகிறவனாக இருந்த என்னிடம், எக்ஸிட் சீக்கிரம் அடிக்கலாம் என்று சொல்லி, அரபியில் அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அது ராஜினாமாக் கடிதம் என்பது பணம் கைக்கு வந்த பிறகே புரிந்தது. இதற்காகப் பாலிசியைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும், புறப்படும்போது காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அரசு, திரும்பும்போது எதைக் கையெழுத்திடக் கூடாது என்று அதே தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி தமிழில் அச்சிட்டிருந்தால், குறைந்தது ஒரு மாதச் சம்பளம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

திரும்பி வருவதையும் சேர்த்துக் கணக்கிட்ட திட்டம் ஒன்று இதே அரசிடம் இருந்தது என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா ஓய்வூதியத்துக்கு ஒரு கணக்கையும், ஊர் திரும்பி நிலைகொள்வதற்கு ஒரு சேமிப்பையும், இயற்கை மரணத்துக்கான ஆயுள் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. தொழிலாளி சேமித்தால் அரசும் ஓய்வூதியக் கணக்கில் ஆண்டுக்கு 1,000 ரூபாய், பெண்களுக்கு 2,000 ரூபாய், மறுவாழ்வுச் சேமிப்பில் 900 ரூபாய் போடும். தொகை சிறியது, ஆனால் நான் மேலே சொன்ன குறைகளில் பாதிக்கு அதில் விடை இருந்தது. சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 2017இல் அதை நிறுத்திவிட்டார்கள். கட்டாயமாக இருந்த பாலிசி நிலைத்தது, விருப்பத்துக்கு விட்ட சேமிப்பு மறைந்தது.

கேரளத்தவர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவது இந்த விஷயத்தில்தான். 1996இலேயே வெளிநாட்டு மலையாளிகளுக்கென்று நோர்க்கா துறையை அமைத்த மாநிலம் அது. இரண்டு ஆண்டுகளேனும் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் தொழில் தொடங்க, 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 15 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய், மூலதன மானியம் தருகிறார்கள். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியத்துக்கான அறிவிப்பு 2021இல் வந்தது. ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். தாமதமானாலும் நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் கடனுக்காக நான் ஏறி இறங்கிய வங்கிக் கிளையில், ஆறு ஆண்டு வெளிநாட்டு அனுபவத்தைக் காட்ட எடுத்துப் போன இகாமா (சவூதியில் வசிப்பதற்கான அனுமதி அட்டை) நகலைப் புரட்டிப் பார்த்த அலுவலர், "இதுல வருமானம் எங்க இருக்கு?" என்று கேட்டதோடு அந்த முயற்சி நின்றது.

மதிப்பெண் கேட்டால், விபத்துக் காப்பீடு என்ற அளவில் ஐந்துக்கு நான்கு தருவேன். வெளிநாட்டு உழைப்பு என்பது போவது, இருப்பது, திரும்புவது என்ற மூன்றும் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. எப்படியிருந்தாலும் புதிதாகப் போகிறவர்கள் இரண்டு ஆண்டுப் பாலிசியை வாங்க வேண்டாம். நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. வாரிசுதாரர் பெயரைத் தாங்களே சொல்லி, அச்சானதும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும், ஏனெனில் அதைத் தேடும் தேவை வரும்போது தேடுகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

என் தங்கையின் மகன் அடுத்த வாரம் குவைத்துக்குப் போகிறான். மூன்று ஆண்டுப் பாலிசி, வாரிசுதாரர் அவனுடைய அம்மா. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று ஆதார் அட்டையோடு வைத்து நானே சரிபார்த்தேன். பாலிசி முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவை என்று தங்கையிடம் சொன்னேன். அந்த ஆண்டின் நாள்காட்டி இன்னும் அச்சாகவில்லை என்பதால், அரிசிப் பானைக்கு மேலே உள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில், எரிவாயு சிலிண்டர் மாற்றிய தேதிகளுக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறாள்.