வீசென்டர் டேட்டாஸ்டோர் அலாரம்: 75, 85 எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தாது

விஎம்களை (விர்ச்சுவல் மெஷின்களை) நிர்வகிக்கும் விஎம்வேர் வீசென்டரை நிறுவிய கையோடு 'டேட்டாஸ்டோர் யூசேஜ் ஆன் டிஸ்க்' என்ற அலாரமும் வேலை செய்யத் தொடங்கிவிடும். விஎம்களின் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோர் நிரம்பிய அளவு 75 சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சள், 85-ஐத் தாண்டினால் சிவப்பு. நல்ல வசதிதான். ஆனால் தொடாமல் விட்டால் பெரிய டேட்டாஸ்டோருக்கு வீணாகக் கத்தும், சின்னதற்குத் தாமதமாகச் சொல்லும்.

இந்த அலாரம் பார்ப்பது சதவீதத்தை மட்டும்தான். இத்தனை ஜிபிக்குக் கீழே போனால் சொல் என்று நிபந்தனை வைக்க முடியாது. 10 டிபியில் 85 சதவீதம் நிரம்பினாலும் 1.5 டிபி காலியாக இருக்கும். 500 ஜிபியில் மிஞ்சுவது 75 ஜிபி. அந்த நேரத்தில், மெமரி ரிசர்வேஷன் (ரேமை முன்கூட்டியே ஒதுக்குவது) வைக்காத 64 ஜிபி ரேம் விஎம் ஒன்றை அங்கே ஆன் செய்தால், ரேமுக்கு மாற்றாக டிஸ்க்கில் உருவாகும் அதன் ஸ்வாப் ஃபைல் மட்டுமே 64 ஜிபியை விழுங்கிவிடும். மீதி 11 ஜிபி. இடம் முழுதும் தீர்ந்ததும், புது பிளாக் கேட்கும் தின் டிஸ்க் (எழுத எழுத வளரும் டிஸ்க்) விஎம்கள் 'ரீட்ரை, கேன்சல்' கேள்வியோடு உறைந்து நிற்கும்.

எல்லையை மாற்ற, இன்வென்டரியில் வீசென்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பக்கத்தில் அலாரம் டெஃபினிஷன்ஸைத் திறக்க வேண்டும். டேட்டாஸ்டோரில் நின்றுகொண்டு தேடினால் எடிட் செய்ய முடியாது. அலாரம் எங்கே உருவானதோ அங்கேதான் திருத்த முடியும். பலர் தடுமாறுவது இங்கேதான். மேலே வைத்த விதி கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும், ஒரு டேட்டாஸ்டோருக்கு மட்டும் விலக்குத் தர வழியில்லை. இந்த வசதி இல்லாதது பெரிய குறை.

மாற்று வழி இருக்கிறது. ஸ்டோரேஜ் பார்வையில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சின்ன டேட்டாஸ்டோர்களை அதற்குள் நகர்த்தி, ஃபோல்டரின் மேல் 65, 75 என்று தனி அலாரம் வையுங்கள். மேல்மட்ட அலாரத்தை அணைக்காமல் 90, 95-க்கு உயர்த்தி விட்டுவையுங்கள். அதை அணைத்துவிட்டால், நாளை யாராவது புதிதாகச் சேர்த்து ஃபோல்டருக்குள் போடாமல் விடும் டேட்டாஸ்டோரைக் கவனிக்க எதுவுமே இருக்காது.

மெயில் வர இரண்டு இடங்களில் அமைப்பு வேண்டும்: வீசென்டரின் ஜெனரல் செட்டிங்ஸில் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி சர்வரும் அனுப்புநர் முகவரியும், அலாரம் விதியில் பெறுநர் முகவரி. வார்னிங்குக்கும் (மஞ்சள்) கிரிட்டிகலுக்கும் (சிவப்பு) தனித்தனியாக மெயிலை ஆன் செய்ய வேண்டும். ஒன்றில் போட்டது இன்னொன்றுக்கு வராது. சோதிக்காமல் நம்ப வேண்டாம். ஒரு டேட்டாஸ்டோர் 52 சதவீதத்தில் இருந்தால், அது இருக்கும் ஃபோல்டரின் வார்னிங்கை 50-க்கு இறக்கி, மெயில் வந்த பிறகு பழைய எண்ணுக்கு மாற்றுங்கள். இன்னொன்று: 'அக்னாலட்ஜ்' அழுத்தினால் திரும்பத் திரும்ப வரும் மெயில் நிற்கும், அலாரம் அப்படியே இருக்கும். இடத்தைக் காலி செய்யாமல் அதை அழுத்துவது ஆபத்து.

டேட்டாஸ்டோர் திடீரென நிரம்புவதற்கு மறந்துபோன ஸ்னாப்ஷாட்தான் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) பெரும்பாலும் காரணம். அதன் பிறகு வரும் மாற்றங்கள் எழுதப்படும் டெல்டா ஃபைல் மூல டிஸ்க்கின் அளவுக்கே வளரக்கூடியது. 'விஎம் ஸ்னாப்ஷாட் சைஸ்' என்ற நிபந்தனை ஜிபி கணக்கில் கிடைக்கிறது. விஎம்களுக்கு ஒரு அலாரம் உருவாக்கி 20 ஜிபியில் மஞ்சள், 50-இல் சிவப்பு என்று வைத்தால், டேட்டாஸ்டோர் அலாரம் அடிக்கும் முன்பே குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். உண்மையில் அதிகம் உதவுவது இந்த அலாரம்தான்.

விஎம்முக்கு உள்ளே விண்டோஸின் சி டிரைவோ, லினக்ஸின் /var பார்ட்டிஷனோ நிரம்புவதை இந்த அலாரங்கள் சொல்லாது. தின் டிஸ்க்கின் ஃபைல் அளவை வைத்தும் ஊகிக்க முடியாது: உள்ளே அழித்த இடம் அன்மேப் ஆகாதவரை (ஸ்டோரேஜுக்குத் திருப்பித் தரப்படாதவரை) அந்த ஃபைல் சுருங்காது. அதற்கு கெஸ்ட்டுக்குள் (விஎம்மில் ஓடும் ஓஎஸ்ஸுக்குள்) இருந்து தகவல் வர வேண்டும்: ஒரு மானிட்டரிங் ஏஜென்ட் அல்லது விஎம்வேர் டூல்ஸ் வழியாக.