தேக்கடி 'யூத் பேக்கேஜ்' ரிவ்யூ: குமுளி வரை ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம்

இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு 'யூத் குரூப் ஸ்பெஷல்' தேக்கடி பேக்கேஜுக்குப் பணம் கட்டினோம், அதன் ரிவ்யூ இது. பேஜ் பெயரைப் போடப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை, போட்டுப் பிரயோஜனம் இல்லை. பணம் கட்டியபோது ஒரு பெயர், நாங்கள் திரும்பி வந்த வாரம் வேறு பெயர், இதை எழுதும்போது மூன்றாவது பெயர். பல பேஜ்களில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்று ஒரு இடம் இருக்கும், அதைத் தொட்டால் எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை பெயர் மாற்றியது எல்லாம் வரும். அதை நான் தொட்டுப் பார்த்தது பணம் போன பிறகு.

நாங்கள் உத்தமபாளையம் பக்கம் ஒரு கபடி டீம், மொத்தம் 14 பேர். ஆகஸ்ட் 15 லீவில் எங்காவது போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது தேக்கடிதான் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னோம். பெரியாறு அணை கட்டி 1895-லிருந்து தேக்கடி ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்து எங்கள் வயலுக்கு வருகிறது, ஊருக்கு ஊர் அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் மாட்டியிருக்கிறோம், டீமில் ஒருத்தனைக் கூப்பிடுவதே பென்னி என்றுதான், ஆனால் 14 பேரில் ஒருத்தன்கூட அந்த ஏரியில் படகில் ஏறியதில்லை. பக்கத்தில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டோம்.

பேக்கேஜ் ஆளுக்கு 3,500. தேக்கடி படகு, ஜீப் சஃபாரி, காட்டுக்குள் டென்ட், கேம்ப் ஃபயர், மறுநாள் கொழுக்குமலை சூரிய உதயம், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து. டீமுக்குப் பொருளாளர் நான்தான் என்பதால் பேசியதும் நான்தான். எங்களை வீழ்த்தியது அந்த விலைகூட இல்லை, குரல். அசல் தேனிக் குரல். "என்ன பங்காளி, நம்ம பயலுககிட்டப் போயி நான் லாபம் பாப்பேனா?" என்று ஆடியோ வந்தது. அதே ஆள் மலையாளத்தில் பேசியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்போம். பங்காளி என்றதும் வாயடைத்துவிட்டது.

பாதி அட்வான்ஸ், 24,500. ஸ்கேன் செய்ததும் திரையில் வேறு யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். "நம்ம அக்கவுண்டன்ட் பங்காளி" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பத்தரை மணிக்கு, வேனுக்கு டீசல் போட வேண்டும், பங்க்கில் நிற்கிறேன், 5,000 போடுங்கள் என்றார். அதையும் போட்டேன். ஆக 29,500.

இப்போது யோசித்தால் அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்தது, அதுவும் எங்கள் ஊர்க்காரனுக்கே தெரிய வேண்டிய ஓட்டை. கொழுக்குமலைக்கு போடி வழியாகவே வேன் மேலே போய்விடும் என்றார். கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில்தான், ஆனால் வண்டி ஏறுவது கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து, அதுவும் ஜீப் மட்டும். போடிப் பக்கமிருந்து என்றால் குரங்கணி வழியாக நடைதான். அந்த மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேல் இறந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார், "பாரஸ்ட்டுல பர்மிட்டு வாங்கியிருக்கானாடா?" வாங்கியாச்சு என்று நான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? பங்காளி சொன்னார்.

அப்புறம் அந்தப் படகு டிக்கெட். முத்திரை, பார்கோடு எல்லாம் போட்டு அழகாக ஒரு படம் அனுப்பியிருந்தார். நேரம் மாலை 4.30. தேக்கடியில் படகு காலை 7.30-க்கு ஆரம்பித்து 9.30, 11.15, 1.45, கடைசி 3.30. நாலரைக்குப் படகே கிடையாது. கூகுளில் தேடியிருந்தால் அரை நிமிட வேலை. 14 பேரிடமும் போன் இருந்தது, 14 பேரும் அந்த டிக்கெட்டை ஸ்டேட்டஸில் வைத்தோம், ஒருத்தன்கூடத் தேடவில்லை.

காலையில் ஐந்து மணிக்கு வேன் வரவில்லை. ஆறு மணிக்குப் பங்காளி போன் சுவிட்ச் ஆஃப். பாதிப் பேர் வீட்டுக்குப் போகலாம் என்றான், பென்னி மட்டும் "ரூம் பேராவது அனுப்பியிருக்கான்ல, போய்ப் பாத்துருவோம்" என்றான். கம்பம் போய் பஸ் மாறி, தேக்கடியை ஒட்டிய எல்லை ஊரான குமுளிக்குப் போனோம். கம்பத்திலிருந்து முக்கால் மணி நேரம், டிக்கெட் காசு ஒரு டீ பஜ்ஜி காசு. அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எனக்கு இதே நினைப்புதான்: இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற இடத்துக்கு நேரில் வந்து ஒரு தடவை கேட்காமல் 29,500-ஐ போனில் தட்டிவிட்டிருக்கிறேன்.

அந்த ஹோம்ஸ்டே நிஜமாகவே இருந்தது. அதை நடத்துகிற சேட்டன் கல்லாவிலிருந்து நோட்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரி வரியாக இறக்கிப் பார்த்தார். எங்கள் தேதியில் பென்சிலால் '14 பேர், தேனி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "விளிச்சு ரேட் கேட்டான், பின்ன விளிச்சதே இல்ல. ஒரு பைசா வந்நிட்டில்லா மோனே" என்றார். இப்படி அவரிடம் வந்து நிற்பது நாங்கள் முதல் கும்பல் இல்லையாம். எல்லாமே பையன்கள், எல்லாமே லீவு நாள். குடும்பமாக வருகிறவர்கள் நேரடியாகப் போன் செய்து நாலு தடவை பேரம் பேசுவார்கள், பையன்கள் கூட்டத்தில் ஒருத்தன் வசூல் செய்து ஒருத்தனுக்கு அனுப்புவான், மற்றவன் எவனும் எதையும் கேட்க மாட்டான் என்றார். சுருக்கென்று இருந்தது, உண்மை.

1930-க்குப் போன் செய்யச் சொன்னது சேட்டன் கூட்டிவந்த ஜீப் டிரைவர் அண்ணன்தான். சைபர் மோசடிக்கான எண், எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். எங்கள் அட்வான்ஸ் போய் 12 நாள் ஆகியிருந்தது. ராத்திரி போட்ட டீசல் காசு 5,000 மட்டும் மாட்டியது, அதுவும் முடக்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் கைக்கு வரவில்லை. அந்தப் பெண் பெயர்க் கணக்கு கமிஷனுக்காக யாரோ வாடகைக்குக் கொடுத்த கணக்காக இருக்கும் என்று புகார் எழுதிய போலீஸ்காரர் சொன்னார். புகாரை cybercrime தளத்திலும் பதியலாம், ஸ்கிரீன்ஷாட், பணம் போன எண், எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோவை அழித்துவிடாதீர்கள். நான் கோபத்தில் பாதியை அழித்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் பேசி வைத்திருந்தோம். அவமானம். ஆனால் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது, குமுளியில் தும்மினால் கம்பம்மேட்டு ஜீப்பில் கேட்கும். அம்மா திட்டவில்லை, மகளிர் குழு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "நாங்க இருநூறு ரூவா குடுத்தாலும் இதுல ரெண்டு பேரு கையெழுத்துப் போடுறோம். நீங்க படிச்ச புள்ளைக." பக்கம் பக்கமாகப் பார்த்தேன், நீல மையில் பெயர், கைநாட்டு, தேதி, ஒரு அடித்தல் இல்லை.

அதற்குப் பிறகுதான் நடந்ததை அப்படியே ஊர் வாட்ஸ்அப்பில் போட்டேன், ஆடியோ மிச்சத்தையும் சேர்த்து. சிரிக்கிற பொம்மைகள் நிறைய வந்தன. ராத்திரி பக்கத்துக் கூடலூரிலிருந்து ஒரு நர்சிங் காலேஜ் பெண் என் சித்தி மகள் மூலமாகக் கூப்பிட்டார், அதே குரல், அவர்களுக்குப் 'பங்காளி' இல்லை, 'தங்கச்சி'. ஒன்பது பேர், அட்வான்ஸ் கட்டிவிட்டார்கள், மீதி மறுநாள் கட்டுவதாக இருந்தது. கட்டவில்லை. இப்போது எங்கள் டீமிலும் ஒரு நோட்டு இருக்கிறது. டூர் என்றால் இரண்டு பேர் முதலில் பஸ் ஏறிப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அந்த பஸ் காசு டீம் கணக்கில்.

அக்டோபரில் அப்படித்தான் போனோம். படகு டிக்கெட் கவுன்டரில் வாங்கினோம், லைஃப் ஜாக்கெட் கட்டாயம், 2009-ல் இங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த ஏரி இது, யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஏழரைப் படகில் ஏறுங்கள். தண்ணீரில் மூழ்கிச் செத்த பழைய மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீர்க்காகம். கரையில் மூன்று யானை, ஒரு குட்டி. பென்னி வாயே திறக்கவில்லை.

ஜீப் விஷயமும் சொல்லிவிடுகிறேன். குமுளியில் ஜீப் சஃபாரி என்று விற்பதில் பெரும்பாலானவை புலிகள் காப்பகத்துக்குள் போகாது, சத்திரம் என்கிற ஊர்ப் பக்கம் தோட்டம், வியூ பாயிண்ட் என்று சுற்றிக் காட்டுவார்கள். மோசம் இல்லை, தெரிந்து போனால் சரி. நிஜமாகக் காட்டுக்குள் போக வேண்டும் என்றால் வனத்துறையின் நடை, மூங்கில் படகு இருக்கிறது. கூட வருகிற வழிகாட்டிகளில் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களும் உண்டு, 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களைக் காவலுக்கும் வழிகாட்டவும் மாற்றியது. எங்களோடு வந்தவர் ஒரு ஒடிந்த கிளையைப் பார்த்தே யானை எப்போது போனது என்று சொன்னார்.

தங்கியது அதே சேட்டன் வீட்டில். முதல் தடவை நாங்கள் ஏமாந்து நின்ற அன்று இரண்டு ரூமைப் பாதி வாடகைக்குக் கொடுத்து, ராத்திரி கஞ்சியும் பயறும் போட்ட மனிதர். அவருக்கு ஐந்து ஸ்டார் போடலாம், நாலுதான் போடுகிறேன். சுடுதண்ணீர் காலை எட்டு மணிக்கு மேல் வராது, மழைக்காலத்தில் தலையணை ஈர வாடை அடிக்கிறது. சொன்னேன், வெயில் வரட்டே மோனே, உணக்கலாம் என்றார்.