திருத்தாத பேரேடு: ஜிஎச்சிஎன் டெய்லி தரவுத் தொகுப்பு – ஒரு தணிக்கையாளரின் மதிப்புரை

ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலை 18.4 டிகிரி, அதே நாளின் குறைந்தபட்சம் 21.0 டிகிரி என்று பதிவேட்டில் இருந்தால் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தெரியும். சில வானிலைத் தளங்கள் இப்படிப்பட்ட வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, பார்வைக்கு உறுத்தாத ஓர் எண்ணை அங்கே உட்காரவைத்துவிடும். ஜிஎச்சிஎன் டெய்லி என்ற உலகளாவிய அன்றாட வானிலைப் பதிவுத் தொகுப்பு அதைச் செய்வதில்லை. எழுதியது எழுதியபடி இருக்கும். பக்கத்தில் 'ஐ' என்று ஒரே ஓர் ஆங்கில எழுத்து. உள்முரண் என்று அர்த்தம். நம்புவதும் தள்ளுவதும் நம் பாடு.

நான் தொழில்முறையில் தணிக்கையாளர். வழவழவென்று நேராக இருக்கும் கணக்கைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் இந்தத் தொகுப்புக்கு முதல் மதிப்பெண்ணை அந்த 'ஐ'க்காகவே போடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையங்கள் நடத்தும் இலவச சேவை இது. 180 நாடுகள், ஆட்சிப்பகுதிகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் அன்றாடப் பதிவுகள் ஒரே வடிவத்தில் கிடைக்கின்றன. கணக்குத் திறக்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். உங்கள் பக்கத்து நிலையம் இதில் இருந்தால் கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்துவிடலாம். ஆனால் ஒரு லட்சம் என்றதும் மயங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி மழை மட்டும் அளக்கும் நிலையங்கள். வெப்பநிலை வேண்டுமானால் முதலில் நிலையப் பட்டியலைத் தொடாதீர்கள், இருப்புப் பட்டியல் என்று தனியாக ஒரு கோப்பு இருக்கிறது, அதைத் திறங்கள். எந்த நிலையத்தில் எந்த அளவீடு எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு வரை என்று அதில்தான் இருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம். முதல் ஆண்டும் கடைசி ஆண்டும்தான் சொல்லும். நடுவில் பத்து வருடம் காணாமல் போயிருந்தால் வாயே திறக்காது.

நிலைய எண்ணின் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். இணைய முகவரியில் பழகிய குறியீடு இல்லை இது. 'ஏயு' என்று தேடினால் ஆஸ்திரேலியா வராது, ஆஸ்திரியா வரும். ஆஸ்திரேலியாவுக்கு 'ஏஎஸ்'.

கோப்பைத் திறந்ததும் வெப்பநிலை 284 என்று இருக்கும். பதறவேண்டாம், எல்லாமே டிகிரி செல்சியஸின் பத்தில் ஒரு பங்கில் எழுதப்பட்டவை, அது 28.4 டிகிரி. பழைய வடிவக் கோப்பில் பதிவு இல்லாத நாளுக்கு -9999 என்று போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் உங்கள் ஊர் பிரபஞ்சத்திலேயே குளிரான இடமாகிவிடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. பழைய ஆண்டுகளின் எண்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை மட்டும் எண்ணிப்பாருங்கள். 22.2, 22.8, 23.3, 23.9, 24.4, 25.0 என்று போகும். மற்ற இலக்கங்கள் எல்லாம் வரும், .5 மட்டும் வரவே வராது. அப்படி இருந்தால், அந்தக் காலத்தில் அங்கே பாரன்ஹீட் வெப்பமானியை முழு எண்ணில் படித்து எழுதியிருக்கிறார்கள், செல்சியஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பொருள். முழு பாரன்ஹீட் எந்த எண்ணை மாற்றினாலும் .5 கிடைக்காது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு வருடத்தில் .5 தலைகாட்டத் தொடங்கினால், கருவியோ அளவுமுறையோ மாறிய வருடம் அது. இந்தத் தகவலை யாரும் எங்கும் குறிப்பாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள், எண்களே காட்டிக்கொடுக்கும். எங்கள் தொழிலில் போலி ரசீதைப் பிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

குறை என்று சொன்னால் பெரிய குறை ஒன்றுதான்: நிலையத்தின் வரலாறு இதில் இல்லை. பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அவ்வளவுதான். நிலையம் நகர நடுவிலிருந்து விமான நிலையத்துக்குப் போனதா, வெப்பமானி இருந்த வெள்ளைப் பலகைக்கூண்டு எப்போது மாறியது, யார் எந்த நேரத்தில் போய்ப் படித்தார்கள், எதுவும் தெரியாது. படித்த நேரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பெரும்பாலான நிலையங்களுக்கு அது காலி.

நேரத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. அதிகபட்ச வெப்பமானி கடைசியாகத் தட்டிச் சரிசெய்த நேரத்திலிருந்து எட்டிய உச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒருவர் தினமும் மாலை 5 மணிக்குப் படிக்கிறார் என்று வையுங்கள். திங்கட்கிழமை கொளுத்தும் வெயில். மாலை படித்துவிட்டுச் சரிசெய்யும்போதும் சூடு 36 டிகிரியில் நிற்கிறது. செவ்வாய் மேகமூட்டம், நாள் முழுக்க 30-ஐத் தாண்டவில்லை. ஆனால் செவ்வாய் மாலை கருவி காட்டுவது 36தான். திங்கட்கிழமை வெயில் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலையில் படித்தால் இதே வேலை குளிரில் நடக்கும், ஒரு குளிர்ந்த விடியல் இரண்டு தடவை பதிவாகும். அமெரிக்காவின் தன்னார்வப் பார்வையாளர்கள் பல்லாண்டுகளில் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். வானம் மாறாமலே பதிவேடு குளிர்ந்தது. 1980களில் அங்கேயே கண்ணாடி வெப்பமானிக்குப் பதில் மின்னணு உணரி வந்தபோது அதிகபட்சம் சராசரியாகச் சுமார் 0.4 டிகிரி குறைந்தது, குறைந்தபட்சம் 0.3 டிகிரி போலக் கூடியது. ஒரு நூற்றாண்டு வெப்பமயமாதலை ஒன்றிரண்டு டிகிரியில் பேசும்போது இவை சில்லறை இல்லை.

நேரமும் கருவியும் மாறுவதால் பதிவேட்டில் விழும் இந்தத் திடீர்த் தாவல்கள் எதையும் ஜிஎச்சிஎன் டெய்லி சமன்செய்வதில்லை. அதை அவர்களே ஆவணத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆகவே ஒரே நிலையத்தை எடுத்து, ஒரு நேர்கோடு வரைந்து, "பார்த்தாயா, எங்கள் ஊர் இவ்வளவு சூடாகிவிட்டது" என்றோ "ஒன்றுமே மாறவில்லை" என்றோ வாதாட இது தோதான கருவி இல்லை. போக்கு பார்க்க வேண்டுமென்றால் இதே மையத்தின் மாதாந்தரத் தொகுப்புக்குப் போங்கள். அதில் திருத்தாதது, திருத்தியது இரண்டும் தனித்தனியே இருக்கும். அக்கம்பக்கத்து நிலையங்களோடு இரண்டிரண்டாக ஒப்பிட்டுத் திடீர்த் தாவல்களைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள். இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். எங்கே பிரிகின்றனவோ அந்த வருடத்தில் அந்த நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது. திருத்தினாலே மோசடி என்று கத்துபவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. மூலமும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்போது மோசடி எங்கிருந்து வரும்?

மூலத்தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு லிபியாவின் எல் அஜிஜியா போதும். 1922 செப்டம்பர் 13 அன்று அங்கே 58 டிகிரி பதிவானதாக, உலகின் உச்சபட்ச வெப்பநிலை என்று தொண்ணூறு ஆண்டுகள் புத்தகங்களில் இருந்தது. உலக வானிலை அமைப்பின் குழு கையெழுத்துப் பதிவேட்டையே வரவழைத்துப் பார்த்தது. இரண்டு நாள் முன்னால் கையெழுத்து மாறியிருக்கிறது, புது ஆள். எண்களை வேறு கட்டங்களில் எழுதியிருக்கிறார். எட்டிய உச்சத்தைச் சிறு குறிமுள்ளால் பிடித்துவைக்கும் சிக்ஸ் வகை வெப்பமானியில் அந்த முள்ளின் கீழ்முனையைப் படிக்காமல் மேல்முனையைப் படித்திருக்கலாம். அதில் சுமார் 7 டிகிரி கூடிவிடும். அக்கம்பக்கத்து நிலையங்களும் ஒத்துவரவில்லை. 2012-ல் அந்தச் சாதனையை நீக்கினார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது 1913 ஜூலை 10 அன்று கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 56.7. தணிக்கை என்றால் இது தணிக்கை. படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

அழகான படங்களோடு "உங்கள் ஊரின் வெப்பநிலை வரலாறு" என்று தரும் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் எண்கள் வெப்பமானியிலிருந்து வருவன அல்ல. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்விலிருந்து, அதாவது பழைய பதிவுகளைக் கணினி மாதிரியில் ஊட்டி இடைவெளிகளை நிரப்பும் கணக்கிலிருந்து, வருபவை. அது 1940 முதல் மணிக்கு மணி, சுமார் 31 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு மதிப்பு தருகிறது. அருமையான ஆக்கம்தான், இடைவெளியே இருக்காது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் ஒரு மலையும் ஓர் ஏரியும் உங்கள் தெருவும் சேர்ந்தே இருக்கும். ஒரு தளத்தில் பழைய தேதிகள் ஒன்றுகூட விடுபடாமல் இருந்தால், நிலையத்தின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். பெயர் இல்லையென்றால் அது அளந்த எண்ணாக இல்லாமல் கணினியின் மதிப்பீடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு மாதிரிக்குப் பிரிட்டனின் வானிலை அலுவலகத்தைச் சொல்வேன். முப்பத்தேழு நிலையங்களின் மாதாந்தரப் பதிவுகளை வெறும் எழுத்துக் கோப்பாகப் போட்டிருக்கிறார்கள். மதிப்பிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, இல்லாததற்கு மூன்று கோடு, நிலையம் இடம் மாறியிருந்தால் தலைப்பிலேயே குறிப்பு. உள்ளடக்கம் சின்னது, நேர்த்தி பெரிது. முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்கள் அங்கே கைபழகிவிட்டு இங்கே வரலாம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஒரு குறிப்பிட்ட தேதியில் என்ன பதிவானது, ஒரு மாதத்தில் 35-ஐத் தாண்டிய நாள்கள் எத்தனை, முப்பதாண்டுச் சராசரி என்ன என்பதற்கெல்லாம் இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. 'ஐ' போன்ற தரக் குறிப்பெழுத்து இருக்கும் வரிகளை வடிகட்டிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். விடுபட்ட நாள்கள் அதிகமுள்ள மாதத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். கோடை மாதத்தின் பாதி காணாமல் போன வருடம் பொய்யாகக் குளிர்ந்து தெரியும்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தொல்லை. இந்தத் தொகுப்பை அதன் மூலங்களிலிருந்து வழக்கமாக வாராவாரம் புதிதாகக் கட்டுகிறார்கள். சமீப மாதங்களின் எண்கள் முதலில் உடனடித் தகவலாக வந்து, பிறகு சரிபார்த்த பதிவு வரும்போது மாறலாம். அதனால் இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.