பெரியவர்களின் கரப்பான்: குன்னூர்க் குளிரில் எந்த மருந்தை எப்போது நாடுவது?

உதகையின் புல்வெளிகளில் உறைபனி படியத் தொடங்கும் டிசம்பர் மாதத்தில், என் கழுத்தும் முழங்கை மடிப்புகளும் தடித்துச் சிவந்து வெடிக்கும். வீட்டில் இதைக் கரப்பான் என்பார்கள். மருந்துச் சீட்டில் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதியிருக்கும். குழந்தைகளோடு முடிந்துவிடும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், வளர்ந்த பின்னும் இது தொடர்பவர்களும், நடுவயதில்தான் முதன்முதலாக வந்தவர்களும் உண்டு. குன்னூரில் இருபது ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவள் என்பதால், எங்கள் மலைக்கு எது ஏற்றது என்ற கேள்வியை முன்வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

முதலில் ஈரம் காக்கும் பூச்சுகள். தோலின் மேலடுக்கில் நீர் தங்காமல் வெளியேறுவது இந்நோயின் அடிப்படைக் குறைகளுள் ஒன்று. பலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். லோஷனில் பெரும்பகுதி நீரே என்பதால், குளிர்கால வறண்ட காற்றில் அது விரைவில் உலர்ந்து, பூசிய பயனே இல்லாமல் போகிறது. வாசலின் பிசுபிசுக்கும், உடையில் ஒட்டும். ஆனால் நீரைத் தடுத்து நிறுத்துவதில் அதற்கு நிகராக இங்கே குறிப்பிடும் வேறெதையும் சொல்ல முடியாது, விலையும் குறைவு. தேங்காய் எண்ணெயை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வயதுவந்த நோயாளிகளிடம் அதை ஆலிவ் எண்ணெயோடு ஒப்பிட்ட, 2008இல் வெளியான ஆய்வில், தோலில் வளரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைத் தேங்காய் எண்ணெயே கூடுதலாகக் குறைத்தது. இங்குள்ள சிக்கல் வேறு: சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால், ஆண்டின் பெரும்பகுதி எங்கள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணம் அடுப்போரத்தில்தான் இருக்கும். தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பான செராமைடு கலந்த கிரீம்கள் பூசுவதற்கு இதமானவை. ஆயினும் உடல் முழுவதும் நோய் பரவியவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 250 கிராம் பூச்சு தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டால், விலையே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும். பகலில் கிரீம், இரவில் வாசலின் என்பதே என் தேர்வு. லோஷனைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதும், கம்பளிச் சட்டையை நேரடியாகத் தோலின் மேல் அணிவதும் எந்தப் பூச்சின் பலனையும் கெடுத்துவிடும். நீலகிரித் தைலத்தை வெடித்த தோலில் தடவவே கூடாது. அது தோலை மேலும் எரிச்சலூட்டும்.

அடுத்து, நோய் கிளம்பியபின் அதை அடக்கும் பூச்சுகள். இங்கேதான் அச்சமும் அலட்சியமும் சம அளவில் தீங்கு செய்கின்றன. ஸ்டீராய்டு களிம்பு சில நாள்களிலேயே அரிப்பைத் தணிக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, மொமெட்டாசோன் வலுவானது, குளோபெட்டசால் மிக வலுவானது. வலுவானவற்றை முகத்திலும் தொடை இடுக்கிலும் நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும். ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பில் (பெரியவர்களுக்கு 0.1%) அந்தக் குறை இல்லை என்பதால், இமைக்கும் கழுத்துக்கும் நான் அதையே நாடுகிறேன். முதல் வாரத்தில் அது எரியும். நோயே கூடிவிட்டது என்று அஞ்சி நிறுத்திவிடுபவர்கள் பலர். புற்றுநோய் குறித்து அமெரிக்காவில் 2006 முதல் அதன் உறையில் எச்சரிக்கை இடம்பெற்றாலும், பின்னர் நடந்த நீண்டகாலக் கண்காணிப்புகளில் அதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. டாக்ரோலிமஸ் பூசிய இடத்தில் வெயில் படக் கூடாது. காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைக்கவில்லை என்று எண்ணுவது தவறு; 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10% வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் அளவு முக்கியம். விரல் நுனிக் கணுவின் நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு, ஏறத்தாழ அரை கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். தோல் தெளிந்த பின்னும், அடிக்கடி வெடிக்கும் இடங்களில் வாரம் இரு முறை பூசி வந்தால் நோய் திரும்புவது குறையும். இதற்கு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் இரண்டுமே பயன்படும். சீட்டில்லாமல் கடையில் வாங்கும், ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த மும்மருந்துக் களிம்பை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அப்படி ஒன்றை மாதக்கணக்கில் பூசியதால் என் கன்னத்தில் படர்ந்த படர்தாமரையைக் குணப்படுத்தவே பல மாதங்கள் ஆயின.

இவற்றுக்கு அடங்காதபோது ஒளிச் சிகிச்சையும் உள்மருந்துகளும் வருகின்றன. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியைத் தோலில் பாய்ச்சும் சிகிச்சை நல்லதுதான். ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் வேலையை விட்டு மலையிறங்கி ஏறுவது தோட்டத் தொழிலாளிக்கு ஆகிற காரியமல்ல. உள்மருந்துகளில், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் விரைவாகக் கேட்கும், ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மலிவானது, மெதுவானது. வாரம் ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கருத்தரிக்க எண்ணுபவர்களுக்கு அது ஆகாது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தியதும் நோய் பெரும்பாலும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

புதியவற்றுள் டுபிலுமாப் ஊசியும் உபாடசிட்டினிப் மாத்திரையும் நேரடிப் போட்டியாளர்கள். 2021இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், 16 வாரங்களில் நோய்க் கடுமை முக்கால் பங்காவது குறைந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 71%, ஊசிப் பிரிவில் 61%. அரிப்பும் மாத்திரையில் விரைந்து தணிந்தது. ஆனால் மாத்திரை தொடங்குமுன் காசநோய், கல்லீரல் அழற்சிப் பரிசோதனைகள் தேவை. அக்கி வரும் வாய்ப்புக் கூடும். முதியவர்களும் புகைப்பவர்களும் இரத்தக் கட்டி அபாயத்தை மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். ஊசிக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனை தேவையில்லை, கண் சிவந்து உறுத்துவதே பெரும்பாலும் தொல்லை. எனவே வயதானவர்களுக்கும், மாத்திரைக்குத் தேவையான இரத்தப் பரிசோதனைகளுக்கு அவ்வப்போது வர இயலாதவர்களுக்கும் விலையைத் தாங்க முடிந்தால் ஊசியையே முன்வைப்பேன். முதலில் 600 மில்லிகிராம், பின் இரு வாரங்களுக்கு ஒருமுறை 300 என்பது வழக்கமான அளவு. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் காக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 14 நாள் வரை தாங்கும் என்பதால், மேட்டுப்பாளையத்து வெக்கையைக் கடக்கும் வரை பனிக்கட்டிப் பையில் கொண்டுவந்துவிட்டால், மலையில் மின்சாரம் நின்றாலும் பதற்றப்பட வேண்டியதில்லை.