80 டெஸ்ட் பேக்கேஜில் அசதிக்கு விடை கிடைக்குமா?

காலையில் எழும்போதே கை கால் அசதி, பிற்பகலில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் தூக்கம், மாதவிடாயோ நாள் தப்பித் தப்பி வருகிறது. 45 வயதை ஒட்டிய பெண் இப்படிச் சொன்னதும் வீட்டில் கிடைக்கும் யோசனை, "ஒரு முழு உடம்பு செக்கப் பண்ணிப் பார்த்துடு." லேப்களும் மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும்) வயதுக்கென்றே தனிப் பேக்கேஜ் வைத்திருக்கின்றன. அசதி என்ற ஒரே குறைக்கு அவை எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் அந்த எண்ணிக்கை. '80 டெஸ்ட்' என்றால் 80 விதச் சோதனை என்று பொருளில்லை. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி என்ற ஒரே ரத்தச் சோதனையின் இருபது சொச்சம் வரிகளும் தனித்தனி டெஸ்ட்டாக எண்ணப்படுகின்றன. சிறுநீர்ச் சோதனை, கொழுப்பு, ஈரல் வரிகளுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே பணம் கட்டும் முன் முழுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, சிபிசி, பெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), வைட்டமின் பி12, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஐந்தும் உள்ள சின்னப் பேக்கேஜ், பெரிட்டின் இல்லாத பெரிய பேக்கேஜைவிட மேல்.

பெரிட்டினை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் எல்லா மாதமும் கருமுட்டை வெளியாவதில்லை. அந்த மாதங்களில் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், பிறகு மொத்தமாக உதிரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது எல்லாம் அதிகப்போக்குதான். பைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) இருந்தால் இன்னும் கூடும். இப்படி இழக்கும் இரும்பை உடம்பு முதலில் சேமிப்பிலிருந்து ஈடுகட்டும். சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். அதனால் ஹீமோகுளோபின் 12.2 என்று 'நார்மல்' காட்டும்போதே பெரிட்டின் 9ல் கிடக்கலாம், அசதியும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 15க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்கிறது. அசதி உள்ளவர்களுக்கு 30க்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். பல லேப் ரிப்போர்ட்டுகளில் கீழ் எல்லை 10, 13 என்று அச்சாவதால், 14 வந்தாலும் தடித்த எழுத்தில் காட்டாது. எண்ணை நீங்களே படியுங்கள். பெரிட்டினுக்குப் பதிலாக சீரம் அயர்ன் மட்டும் வைத்திருக்கும் பேக்கேஜ்களும் உண்டு. சீரம் அயர்ன் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், காலையில் போட்ட மாத்திரைக்கும் மாறும். அதை நம்பி முடிவெடுக்க முடியாது. காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் காய்ச்சல் வாரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

டிஎஸ்எச்சில் வேறொரு சிக்கல். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வயதில் நிறையப் பேர். சில லேப் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். மெனோபாஸ் பருவத்தால் படபடப்பும் வியர்வையும் ஏற்கெனவே இருப்பதால், தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று தப்பாக முடிவுகட்ட வாய்ப்புண்டு. குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டும். ரத்தம் எடுக்க வருபவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எச்பிஏ1சிக்கும் இதுபோல ஒரு எச்சரிக்கை: இரும்புக் குறைபாடு அதைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். 5.9 வந்து பெரிட்டினும் குறைவாக இருந்தால், இரும்பைச் சரிசெய்த பிறகு மறுபடி பாருங்கள்.

இனி காசு வீணாகும் பகுதி. எப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடையால், ஏஎம்எச் ஆகிய ஹார்மோன் சோதனைகளைச் சேர்த்துத்தான் 'மெனோபாஸ் பேக்கேஜ்' என்று விலையை ஏற்றுகிறார்கள். இந்தப் பருவத்தில் எப்எஸ்எச் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று ஆடும். 45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறியையும் மாதவிடாய்க் கணக்கையும் வைத்தே சொல்லிவிடலாம், ஹார்மோன் சோதனை தேவையில்லை என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015லேயே வழிகாட்டியது. 40க்கு முன்பே நின்றுபோனால் கதை வேறு. அங்கே எப்எஸ்எச் அவசியம். பட்டியலில் சிஏ125 (சூலகப் புற்றுக்கான ரத்தச் சோதனை) இருந்தால் அதையும் தவிருங்கள். பைப்ராய்டுக்கும், கருப்பைச் சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்கும்கூட அது உயர்ந்து, வீண் பயத்தைக் கொடுக்கும்.

ரிப்போர்ட்டோடு வரும் 'இலவச ஆலோசனை'யில் மாத்திரைப் பெயர் கிடைக்கும், சாப்பிடும் முறை கிடைப்பது அரிது. இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். முன்னும் பின்னும் 2 மணி நேரம் டீ, காபி, கால்சியம் கூடாது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதும் பலன் தரும். மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் 3 மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். தைராய்டு மாத்திரையான தைராக்சின் சாப்பிடுபவர் அதற்கும் இரும்புக்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக வருகிறவர்கள் உண்டு.

எந்தப் பேக்கேஜும் தொடாத இடம் தூக்கம். இரவில் வியர்த்து மூன்று முறை எழுந்தால் ரத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அசதி போகாது. அதற்கு ஹார்மோன் சிகிச்சை உட்பட வழிகள் உண்டு. மார்பகப் புற்றோ ரத்தக்கட்டோ வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் கூடுகின்றன. பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். மூச்சு நின்று திணறுகிறது என்றால், பேக்கேஜுக்குச் செலவிடும் பணத்தை வீட்டிலேயே செய்யும் தூக்கச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்தபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் எந்தப் பேக்கேஜுக்கும் பதிவு செய்யாதீர்கள். அது அதே வாரம் மகளிர் மருத்துவரிடம் போய், ஸ்கேனில் கருப்பைச் சவ்வின் தடிப்பைப் பார்க்க வேண்டிய விஷயம். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயாப்சி (திசுச் சோதனை) எடுப்பார்கள்.